கொம்பும் காலும் சேர்ந்து நிற்கட்டும்: மின்னூல் கருவி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்னூல் ரீடர்களையும் டேப்களையும் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் மதுரையில் புத்தகப் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவள். பேஜ்மேக்கரில் ஆரம்பித்து 22 வருடமாகத் தமிழ் எழுத்துகளோடுதான் என் பிழைப்பு. உங்கள் கருவிகள் எங்கள் வீட்டில் நான்கு உண்டு. இரண்டு ரீடர், இரண்டு டேப். அவற்றில் ஒன்றுதான் காலையில் காப்பி குடித்த கையோடு எடுக்கப்பட்டு இரவு வரை புழங்குகிறது. அது அம்மாவுடையது. இந்த மடலை எழுதவைத்ததும் அதுதான்.

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அச்சு எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. விழித்திரையிலும் கோளாறு இருக்கிறது என்றார் டாக்டர். அம்மாவோ ஒரு நாள் படிக்காவிட்டால் சாப்பிடாதது போல இருப்பவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரீடர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு தமிழ் மின்னூலை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி நீட்டினேன். அம்மா வாங்கினார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், அப்புறம் கிட்டக் கொண்டுவந்தார். "என்னடி இது, கொம்பு ஒரு பக்கம் நிக்குது, காலு ஒரு பக்கம் நிக்குது, நடுவுல புள்ளி புள்ளியா வட்டம் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும். கணினிக்குள் சேமிக்கும்போது ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாத மென்பொருள், குறியைத் தனியே போட்டு, 'இதற்கு எழுத்து கிடைக்கவில்லை' என்பதற்கு அடையாளமாகப் புள்ளி வட்டம் ஒன்றைப் போடும். எனக்குத் தெரிந்தது சரி. அம்மாவிடம் என்ன சொல்வது? எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மனுஷி, தன் தாய்மொழியை எழுத்துக்கூட்ட முடியாமல் திரையை வெறித்துக்கொண்டிருந்தார். கோளாறு தன் கண்ணில் என்றே முதலில் நினைத்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழ் 1991லேயே சேர்ந்துவிட்டது. பக்கம் பக்கமாக இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உங்களில் பெரும்பாலோர் ரீடர் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் நூல்களோடு தயாராக இருந்தார்கள். 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் என்ற தன்னார்வலர் குழு, ஒவ்வொரு நூலையும் இபப், மோபி வடிவங்களில் தருவதோடு நிற்காமல், 6 அங்குல பிடிஎஃப் ஒன்றையும் தனியாகச் செய்து தந்தது. எதற்காக? பழைய ரீடர்களில் தமிழ் உடையும். பிடிஎஃப் என்றால் எழுத்து படம்போல அப்படியே நிற்கும். உங்கள் கருவியின் குறையைச் சரிக்கட்ட, சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் நூலுக்கு நூல் கூடுதலாக ஒரு கோப்பு தயாரித்திருக்கிறார்கள். அமேசான், கிண்டில் என்ற தன் ரீடருக்கான கடையில் தமிழை இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்த்துக்கொண்டது 2016 டிசம்பரில். முதல் கிண்டில் வந்தது 2007 நவம்பரில். ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

முதல் ரீடர் கடைசி வரை சரியாகவில்லை. வேறொன்று வாங்கினேன். அதில் கொம்பும் காலும் சேர்ந்து நின்றன. அம்மா சிரித்தார். ஆனால் வேறொரு சங்கடம் வந்தது, அதை என் தொழில் கண்ணோடு கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்ச் சொல் நீளமானது. 'சொல்லிக்கொண்டிருந்தார்களாம்' என்பது எங்களுக்கு ஒரே சொல். அம்மாவுக்குத் தேவையான பெரிய எழுத்தில், 6 அங்குலத் திரையில், அந்த ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துவிடும். அதற்கு முந்தைய வரியில் 'என்று' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சமெல்லாம் வெள்ளை. இரண்டு ஓரத்தையும் நேராக்குகிறேன் என்று உங்கள் மென்பொருள் சொற்களை இழுத்துப் பிடிக்கும்போது, பக்கத்தின் நடுவில் ஆறு ஓடுவது போல இடைவெளி விழுகிறது. ஆங்கிலத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று உங்கள் கருவிக்குத் தெரியும், சின்னக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறது. தமிழில் அந்த வேலை இன்னும் சுலபம். எங்கள் தினசரிகளில் ஒரு பத்தி அகலத்துக்குள் செய்தியை அடக்கக் காலங்காலமாகச் சொல்லை எழுத்தெழுத்தாக உடைத்துத்தான் கோக்கிறார்கள். கோடுகூடத் தேவையில்லை, வாசகர் கண் பழகிவிட்டது. முக்கியமான விதி ஒன்றுதான்: புள்ளி வைத்த மெய்யெழுத்தை வரியின் தலையில் நிறுத்தக் கூடாது. அச்சகத்தில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை உங்கள் பொறியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தயார். காசு வேண்டாம்.

அகராதியும் அப்படித்தான். ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வரும் என்பது ரீடரின் பெரிய வசதி. என் மகள் ஆங்கில நாவல் படிக்கும்போது அதைத்தான் நம்பியிருக்கிறாள். தமிழில் 'வந்திருந்தவர்களிடமிருந்து' என்பதை அழுத்தினால் கருவி அதே வடிவத்தை அகராதியில் தேடும், இல்லை என்று சொல்லும். 'வா' என்ற வேர்ச்சொல்லுக்குப் போக அதற்கு வழி தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அது இணையத்திலும் கிடக்கிறது. அகராதி இருக்கிறது, சொல்லைப் பிரித்துப் பார்க்கும் வேலைதான் பாக்கி. சங்கப் பாட்டையோ நூறு வருடத்துக்கு முந்தைய உரைநடையையோ படிக்கத் தடுமாறும் கல்லூரிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை என்ன இருக்க முடியும்?

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ரீடர் திரையில் இருக்கும் மின் மை அருமையான கண்டுபிடிப்பு. மயிரிழை அளவுக் குமிழ்கள், அவற்றுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அப்படியே நிற்கும். அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது, மொட்டைமாடி வெயிலிலும் படிக்க முடிகிறது. 2012இலிருந்து திரைக்கு முன்பக்க வெளிச்சம் பரவலாக வந்தது. கரண்ட் போன இரவுகளில் அம்மாவுக்கு அது பெரிய வரம். அங்குலத்துக்கு 300 புள்ளி வந்த பிறகு, தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் அச்சில் இருப்பது போலவே தெரிகின்றன. பேனாவால் எழுதும் பெரிய திரைக் கருவியில் நான் இப்போது புரூஃப் திருத்துகிறேன். தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைவது போய்விட்டது. இதெல்லாம் உங்கள் உழைப்பு, மறுக்கவில்லை.

டேப் வந்த கதை வேறு. 2010இல் ஐபேட் வந்தபோது இனி ரீடரே தேவையில்லை என்று பலர் பேசினார்கள். இந்திய அரசு 2011 அக்டோபரில் ஆகாஷ் என்ற மலிவு டேப்பை மாணவர்களுக்காக அறிமுகப்படுத்தியது. 7 அங்குலத் திரை, மானியம் போக 2,000 ரூபாய்க்கும் குறைவான விலை. நோக்கம் நல்லது. ஆனால் விரலை அழுத்தித் தேய்த்தால்தான் அந்தத் திரை கேட்கும், பேட்டரியும் தாங்கவில்லை. விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பொருள் கையில் நிற்காது என்பதை அப்போதே பார்த்தோம். அதற்குள் போன்களின் திரையும் பெரிதாகிவிட்டது. இன்று எங்கள் தெருவில் தமிழ்க் கதை படிக்கிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிக்கிறார்கள். இரண்டு பக்கம் படிப்பதற்குள் வாட்ஸ்அப் கூப்பிடுகிறது. அந்தத் தொல்லை இல்லாததுதான் ரீடரின் உயிர். தயவுசெய்து அதற்குள் அறிவிப்புகளையும் சிபாரிசுகளையும் கொண்டுவந்து திணிக்காதீர்கள். அம்மா கருவியைத் திறந்ததும் பாதியில் விட்ட பக்கம் தெரிந்தால் போதும். கடை வாசல் தெரிய வேண்டாம்.

பெரிய திரைக்கும் எங்களிடம் ஒரு வேலை உண்டு, அதை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை. தமிழில் இன்று கிடைக்கும் பெரும் மின்னூல் களஞ்சியம், தட்டச்சு செய்த நூல்கள் அல்ல, ஸ்கேன் செய்த பக்கங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அப்படித்தான். 2005இல் தொடங்கிய, ஈழத்தவரின் 'நூலகம்' என்ற இணையத் திட்டமும் அப்படித்தான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், கையில் மிஞ்சிய ஒவ்வொரு இதழையும் துண்டறிக்கையையும் ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருக்கிறது. அதையெல்லாம் 6 அங்குல ரீடரில் திறந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும், இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். வேண்டியது என்ன? ஓரத்து வெள்ளையை வெட்டி, வரிகளை இனம் கண்டு, திரை அகலத்துக்கு மடக்கி அடுக்கித் தர வேண்டும். கேஓரீடர் என்ற இலவச மென்பொருள், ஆர்வலர்கள் சேர்ந்து செய்தது, இதைச் செய்கிறது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா? 10 அங்குல மின் மைத் திரையை ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தால், ஆய்வு மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வரிசையில் நிற்பார்கள். வண்ணத் திரையைவிட எங்களுக்கு அதுதான் முக்கியம்.

இனி, நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் 31 பைண்டு புத்தகங்கள். பாட்டி காலத்தில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, தைத்து, காலிகோ துணி ஒட்டி அட்டை போட்டவை. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் தலைவலித் தைல விளம்பரம். ஒரு தொகுப்பில் 17ஆவது அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. அந்த வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை போலிருக்கிறது. யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில், பாட்டி தன் கையெழுத்திலேயே முழு அத்தியாயத்தையும் எழுதி நடுவில் வைத்துத் தைத்திருக்கிறார். ஊதா மை. கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். அந்தத் தொகுப்பு தெருவில் எத்தனை வீட்டுக்குப் போய் வந்திருக்கும் என்று கணக்கில்லை. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, எனக்கு வரும்.

அம்மாவின் ரீடரில் இப்போது காசு கொடுத்து வாங்கிய நூல்கள் 140க்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூடப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படிக்கக் கொடுக்க முடியவில்லை. கொடுப்பதென்றால் கருவியையே கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பிறகு அவை யாருக்கு என்ற கேள்விக்கு விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். நாங்கள் வாங்கியது நூல் இல்லையாம், படிக்கும் உரிமமாம்.

இது புதிய வழக்கமும் இல்லை. 2004இல் சோனி ஜப்பானில் விற்ற லிப்ரியே, மின் மைத் திரையோடு வந்த முதல் ரீடர், அதில் இறக்கிய நூல் 60 நாளில் திறக்காமல் போய்விடும். வாசகர்கள் அதை ஏற்கவில்லை. 2009 ஜூலையில் அமேசான், பதிப்புரிமைச் சிக்கல் என்று சொல்லி ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், உண்மைதான். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களெல்லாம் வாசகர்களிடமிருந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பரணிலிருக்கும் அந்த 17ஆவது அத்தியாயத்துக்கு யார் என்ன பணம் திருப்பிக் கொடுக்க முடியும்? 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு ஏற்றும் வழியும் அடைபட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போடக் கூடாது, போட்டால் அது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு விற்பது நேர்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது அந்த அறிவிப்பு இல்லை. எனக்கு நூல் வேண்டும்.

திருட்டுப் பதிப்பு பயம் புரியாமல் பேசவில்லை. நானும் பதிப்பகங்களிடம் கூலி வாங்கிப் பிழைப்பவள், நான் வடிவமைத்த நூல் இரண்டே நாளில் டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்து வயிறெரிந்தவள். ஆனால் பூட்டுப் போட்டும் அது சுற்றத்தான் செய்கிறது. பூட்டில் மாட்டிக்கொள்வது காசு கொடுத்து வாங்கிய அம்மா மாதிரி ஆட்கள். வாங்கியவர் பெயரைக் கோப்புக்குள் பொறித்து, பூட்டில்லாத இபப் ஆகக் கொடுங்கள். எந்தக் கருவியில் வேண்டுமானாலும் திறக்கட்டும். இரவல் கொடுக்க ஒரு வழி வையுங்கள்: ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் கையில் இல்லாதபடி இருந்தாலும் சரி. வாரிசுப் பெயர் எழுதிவைக்க ஒரு கட்டம் வையுங்கள். வங்கிக் கணக்குக்கு இருக்கிறது, புத்தகத்துக்கு இருக்கக் கூடாதா?

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் ரீடர் முன்பு மூன்று வாரம் ஓடும். இப்போது மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "பேட்டரி மட்டும் தனியா மாத்த முடியாதுங்க மேடம், புதுசு எடுத்துக்கங்க" என்றான். திரையில் ஒரு கீறல் இல்லை, எழுத்து பளிச்சென்று இருக்கிறது, சில நூறு ரூபாய் பெறும் ஒரு பேட்டரிக்காகக் கருவியையே தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் இப்படிப்பட்ட கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி வைக்க வேண்டும் என்று விதி வருகிறது. கோபோ என்ற ரீடர் நிறுவனம் 2024இலேயே, பழுதுபார்க்கும் வழிகாட்டியும் உதிரிபாகமும் தரும் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து, கழற்றிப் பழுதுபார்க்கக்கூடிய ரீடர்களை விற்க ஆரம்பித்துவிட்டது. அங்கே செய்வதை இங்கேயும் செய்யுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் போன் ரிப்பேர் செய்பவர்களிடம் உதிரிபாகமும் செய்முறையும் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

படித்துக் காட்டும் குரலும் வேண்டும், நல்ல தமிழில். 2009இல் கிண்டில் 2 நூல்களை வாய்விட்டுப் படித்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், அந்த வசதியை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைப் பதிப்பாளர் கையில் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் கண் இன்னும் மங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரிய எழுத்தும் உதவாத ஒரு நாள் வரும். அன்றைக்கு அவர் வாங்கிய 140 நூலும் அவருக்குக் கேட்க வேண்டும். ழகரத்தைச் சரியாகச் சொல்லும் குரலாக இருக்கட்டும்.

அம்மா இப்போது ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, சார்ஜர் ஒயரை மாட்டியபடியே படிக்கிறார். ஒயர் குட்டை என்பதால் சாய்ந்து உட்கார முடியவில்லை. அடுத்த மாதம் வேறு ரீடர் வாங்கித்தான் ஆக வேண்டும். எந்தக் கம்பெனி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மேலே எழுதியதில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று உங்களில் யார் தேதி போட்டுச் சொல்கிறீர்களோ, அவர்கள் கருவியை வாங்குகிறேன். ஊரில் கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மதுரை